ஆசிரியராக இருந்துகொண்டு வலைப்பதிவு எழுதுவது எப்படி இருக்கிறது? படிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

நான் அறிவியல் ஆசிரியை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எடுக்கிறேன். 2009-இல் வலைப்பதிவு தொடங்கி இன்றுவரை எழுதுகிறேன். சில வருடங்களில் வாரம் ஒரு பதிவு, சில வருடங்களில் மொத்தமே நான்கைந்து. வாசகர்களும் லட்சக்கணக்கில் கிடையாது. ஒரு பதிவைச் சில நூறு பேர் படித்தால் அதிகம். ஆனால் படித்துவிட்டுப் பதில் எழுதினார்களே, எனக்குப் பாடம் எடுக்கத் தெரிந்ததில் பாதி அவர்களால் வந்தது. இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

தொடங்கியது ஒரு விடைத்தாளால். ஏழாம் வகுப்புத் தேர்வில் 'நிழல் எப்படி விழுகிறது?' என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஒரு பையன் 'அடிபடாமல் விழுகிறது' என்று எழுதியிருந்தான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சிவப்பு மையில் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். ஆனால் அன்று இரவு அந்த வரி மனதை விட்டுப் போகவே இல்லை. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், மணி அடித்தது, கலைந்துவிட்டோம். எனக்கு அது சிரிப்போடு முடிகிற விஷயமாகப் படவில்லை. வேறு யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. மாலையில் பிளாக்கரில் கணக்குத் திறந்து, ஒன்றரைப் பக்கம் எழுதி வெளியிட்டேன். அதுதான் முதல் பதிவு.

மூன்று நாள் கழித்து ஒரு பின்னூட்டம் வந்தது. பெயர் இல்லை. 'மதிப்பெண் போட முடியாது, சரி. பக்கத்தில் ஒரு வரியாவது எழுதிக் கொடுத்தீர்களா டீச்சர்?'

எழுதவில்லை. நல்லவேளை, தாள்களை இன்னும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. கட்டிலிருந்து அந்தத் தாளைத் தேடி எடுத்து, 'நிழலுக்கு அடிபடாதுதான். அது விழ என்னென்ன வேண்டும் என்று யோசித்து வந்து சொல்' என்று பென்சிலால் எழுதினேன். தாளை வாங்கியவன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து படித்தான். பிறகு எழுந்து வந்தான். "லைட்டு வேணும் மிஸ், நடுவுல மறைக்க ஏதாச்சும் வேணும், அப்புறம் விழறதுக்கு ஒரு இடம் வேணும்." ஒளி, ஒளி புகாத பொருள், திரை. மூன்றும் வந்துவிட்டன. முதல் இரண்டைப் பெரும்பாலான பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், மூன்றாவதை விட்டுவிடுவார்கள். இவன் 'விழுகிறது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டதால்தான் விழுகிற இடத்தை யோசித்திருக்கிறான். முன்பு அவனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனதும் அதே சொல்தான்.

அன்றிலிருந்து எந்தத் தாளையும் வெறும் எண்ணோடு திருப்பிக் கொடுப்பதில்லை. நாற்பது தாள் என்றால் நாற்பது வரி. நேரம் ஆகத்தான் செய்கிறது, கையும் வலிக்கிறது. அந்தப் பெயரில்லாத ஆள் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் வந்தாரா என்பதும் தெரியாது.

அந்த நாட்களில் பின்னூட்டப் பெட்டி கலகலவென்று இருக்கும். ஒருவருக்கு நான் பதில் போடுவதற்குள் இன்னொருவர் போட்டிருப்பார். பல வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகள் வழியாக வருவார்கள், கூகுள் ரீடரில் சேர்த்து வைத்துப் படிப்பார்கள். 2013 ஜூலையில் கூகுள் ரீடர் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே பேச்சு மெல்ல மெல்ல சமூக ஊடகங்களுக்கு நகரத் தொடங்கியிருந்தது. பின்னூட்டங்கள் குறைந்தன. ஆனால் அதற்குப் பிறகுதான் மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன, அவை நீளமானவை. பின்னூட்டத்தில் 'அருமை', 'தொடருங்கள்' என்று எழுதிப் போகிறவர்கள்கூட மின்னஞ்சலில் தங்கள் பள்ளிக்காலத்தையே திறந்து வைத்துவிடுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், எட்டாம் வகுப்பில் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டு, கணக்கைப் போட முடியாமல் நின்ற அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். அவர் என்னிடம் எந்த யோசனையும் கேட்கவில்லை. ஆசிரியராக இருக்கிற ஒருவர் அதைப் படிக்க வேண்டும் என்று விரும்பினார், அவ்வளவுதான். படித்தேன், படித்ததாகப் பதில் எழுதினேன்.

பாராட்டைவிடத் திருத்தம்தான் எனக்கு அதிகம் கொடுத்தது. அதில் பெரியது நாக்கு விஷயம்.

நாக்கின் நுனியில் இனிப்பு, முன்பக்க ஓரங்களில் உவர்ப்பு, பின்பக்க ஓரங்களில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று ஒரு படம் உண்டு. நம்மில் பலர் அதை வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான். நானும் அதை நம்பித்தான் நடத்தினேன். சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் எல்லாம் வைத்து, சுத்தமான பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு செயல்பாடாகவே வருடாவருடம் செய்தேன். அது நன்றாக வருகிறது என்ற மகிழ்ச்சியில் ஒரு பதிவும் போட்டேன். அதில் போகிறபோக்கில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தேன்: 'சில பிள்ளைகள் நுனியிலேயே உப்பு தெரிகிறது என்பார்கள். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னால் சரியாகிவிடும்.'

அந்த வரியைத்தான் ஒரு வாசகர் பிடித்தார். 'அந்தப் பிள்ளைகள் சொன்னதுதான் சரி. நீங்களே இப்போது உப்பை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள்' என்று எழுதிவிட்டு, அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்றும் விளக்கியிருந்தார். 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நாக்கின் ஓரங்களில் சுவையை உணரும் திறன் இடத்துக்கு இடம் சற்றே கூடிக் குறைவதை அளந்திருக்கிறார். சிறிய வித்தியாசம்தான். 1942-இல் எட்வின் போரிங் என்ற உளவியலாளர் தன் நூலில் அந்த அளவுகளை வரைபடமாக்கிய விதத்தில், ஓரிடத்தில் குறைவாக உணரப்படுகிற சுவை அங்கே உணரப்படவே இல்லை என்பதுபோலத் தோன்றிவிட்டது. அதிலிருந்து நாக்கு நாலு பேட்டையாகப் பிரிந்து பாடப்படமாகிவிட்டது. 1974-இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து பார்த்தபோதும் சுவை மொட்டுகள் உள்ள பகுதிகளில் எல்லாச் சுவைகளும் தெரிந்தன, வித்தியாசம் இருந்தாலும் மிகச் சிறியது.

எழுந்துபோய் ஒரு சிட்டிகை உப்பை நுனி நாக்கில் வைத்தேன். கரித்தது. வேறெப்படி இருக்கும்!

தவறான பாடம் நடத்தியது ஒரு வருத்தம். ஆனால் அதைவிட வேறொன்று உறுத்தியது. பிள்ளைகள் தங்கள் நாக்கு சொன்னதை என்னிடம் சொன்னார்கள். நான் படத்தைக் காட்டி, உன் நாக்கு தப்பு என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாவது முறை செய்தபோது 'ஆமா மிஸ், இப்ப தெரியல' என்றார்களே, அது எப்படி வந்தது? நான் எதிர்பார்த்த பதிலை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இயற்கையைப் பார்த்து எழுதப் பழக்க வேண்டிய வகுப்பில் ஆசிரியையின் முகத்தைப் பார்த்து எழுதப் பழக்கியிருக்கிறேன்.

மறுநாள் அந்த வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். யார் யாருக்கெல்லாம் நுனியில் உப்பு தெரிந்தது என்று கேட்டபோது முதலில் இரண்டு கை உயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. மேலே திருத்தம் போட்டு, கீழே அந்த வாசகரின் பின்னூட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன். செயல்பாட்டை இப்போதும் செய்கிறேன். ஆனால் படத்தை முதலில் காட்டுவதில்லை. முதலில் அவர்களே நாக்கை வரைந்து, எங்கே எது தெரிந்தது என்று குறிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் படம் வரும். 'இதுவும் உங்கள் படமும் ஏன் ஒத்துப்போகவில்லை?' என்பதுதான் பாடம்.

இன்னொருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். எனக்கு ஐயா முறை வைத்துப் பேசத்தான் வரும். என் வகுப்பில் யாரும் பதில் சொல்வதில்லை என்று நான் புலம்பி எழுதியிருந்ததற்கு அவர் கேட்டது ஒரே கேள்வி: 'கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் அம்மா?' மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்ததைச் சொன்னார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்திருக்கிறார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் உடனே குறுக்கிடாமல் அதே அளவு காத்திருக்க வேண்டும். மூன்று விநாடி என்பது படிக்கும்போது ஒன்றுமில்லை. வகுப்பில் நின்று பாருங்கள், யுகமாகத் தெரியும். முதல் வாரம் முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி எண்ணினேன். பலன் கிடைத்தது. அதை எழுதினேன். படித்த ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலும் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினார்கள். ஒருவர் மட்டும், 'எனக்கு ஒன்றும் மாறவில்லை, என் கேள்விகளே ஒரு சொல்லில் பதில் சொல்கிற மாதிரி இருக்கின்றன போலும்' என்று எழுதியிருந்தார். பலன் கிடைத்தது என்ற பத்துப் பின்னூட்டத்தைவிட இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

சரி, இனிச் சொல்லப்போவதைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

2011-இல் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், புத்தகத்தைப் பார்ப்பாள், சத்தமே வராது. நன்றாக எழுதுவாள், விடைத்தாளில் குறையே சொல்ல முடியாது. அவளைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். பெயர் போடவில்லை, அடையாளம் எதுவும் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளையின் பயத்தை எப்படிப் போக்குவது என்று கேட்டு முடித்திருந்தேன். யோசனைகள் குவிந்தன. கண்ணாடி முன் பேசிப் பழகச் சொல்லுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாகக் கொடுங்கள், தட்டிக்கொடுங்கள் என்று. ஒருவர் மட்டும், 'அந்தப் பெண்ணிடமே கேட்டீர்களா?' என்று கேட்டிருந்தார். அவருக்கு நான் பதில் போடவில்லை.

2019-இல் ஒரு மின்னஞ்சல். 'மிஸ், அது நான்தான்' என்று தொடங்கியது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வேறெதையோ தேடும்போது என் பதிவு கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டாவது பத்தியிலேயே தன்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் எழுதியதில் ஒரு பகுதி:

'அந்தப் பதிவில் பயம் என்ற சொல் பதினொரு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பயம் இல்லை மிஸ். எனக்குத் திக்கும். ப-வில் தொடங்குகிற சொல் வந்தால் உதடு பூட்டிக்கொள்ளும். நீங்கள் பெஞ்ச் வரிசையாகப் படிக்கச் சொல்வீர்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, எந்தப் பத்தி என் பங்குக்கு வரும் என்று கண்டுபிடித்து, அதில் எத்தனை ப இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் படிப்பது எதுவும் காதில் விழாது. புவி பற்றிய பாடம் நடந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டேன்.'

எனக்கு அந்த இரண்டு நாள் நினைவில்லை. வருகைப் பதிவேட்டில் எங்காவது நான் போட்ட இரண்டு குறியாக இருந்திருக்கும்.

என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் கடத்தினேன். மன்னிப்புக் கேட்டேன். பதிவை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவள், 'எடுக்க வேண்டாம் மிஸ், என் கடிதத்தை அதற்குக் கீழே போட்டுவிடுங்கள்' என்றாள். போட்டேன். என் வலைப்பதிவில் அதிகம் பேர் பதில் எழுதியது அதற்குத்தான். எழுதியவர்களில் பாதிப் பேருக்குமேல் திக்கல் உள்ளவர்கள். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு இருக்கிறது என்பார்கள். இத்தனை வருடத்தில் என் வகுப்புகளில் உட்கார்ந்துபோன பிள்ளைகளை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எத்தனை பேரை 'கூச்ச சுபாவம்' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதியிருக்கிறேனோ!

அந்தப் பதில்களில் மூன்று நான்கு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். தனியாகப் படித்தால் திக்கும், எல்லோரோடும் சேர்ந்து ஒரே குரலில் படித்தால் பெரும்பாலும் திக்காது. பேச்சுப் பயிற்சி தருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயமாம். ஆசிரியையான எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது என் வகுப்பில் பெஞ்ச் வரிசை கிடையாது. படிக்க விரும்புகிறவர்கள் கை தூக்கலாம், இல்லையென்றால் இருவர் இருவராகச் சேர்ந்து படிக்கலாம். போன வருடம் ஒரு பையன் பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து முழுப் பத்தியையும் படித்துவிட்டு, முடித்த பிறகும் உட்காராமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் மூன்று விநாடி ஒன்றும் பேசாமல் நின்றேன். அவனாகவே அடுத்த பத்தியையும் படித்தான், இந்த முறை தனியாக. நடுவில் இரண்டு இடத்தில் நின்றது. காத்திருந்தோம். வந்தது.

கசப்பும் உண்டு. எரிச்சலூட்டவே பெயரில்லாமல் வருகிற அனானிகள் இருக்கிறார்கள், நான் பார்த்து அனுமதித்த பின்னூட்டம் மட்டுமே வெளிவரும்படி மட்டுறுத்தல் போட்டபின் அந்தத் தொல்லை குறைந்தது. ஒருமுறை நான் எழுதியது தன் பிள்ளையைப் பற்றித்தான் என்று ஒரு பெற்றோர் பள்ளியில் புகார் கொடுத்துவிட்டார். உண்மையில் அது வேறு வருடம், வேறு பிள்ளை. ஆனாலும் அவர் அப்படி நினைக்க இடம் கொடுத்தது என் எழுத்துதான். நான்கைந்து மாதம் எழுதவில்லை.

நீங்களும் ஆசிரியராக இருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். வகுப்பில் கோபம் வந்த அன்று எதையும் வெளியிடுவதில்லை. எழுதுவேன், வரைவில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு வாரம் கழித்துப் படித்தால் பெரும்பாலும் அதில் பிள்ளை இருக்காது, நான்தான் இருப்பேன். பிள்ளைகளின் படம் எந்தக் காரணத்துக்கும் கிடையாது, அவர்கள் கையெழுத்தின் படம்கூட. பெயரை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கை எனக்கு 2019-ஓடு போய்விட்டது. உலகத்துக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அதுதான் கணக்கு. அதனால் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதினால் அந்தப் பிள்ளையும் வீட்டாரும் முதலில் படிக்கிறார்கள். நிழல் பையனையும் தேடிப்பிடித்துப் பல வருடம் கழித்துக் கேட்டேன். அவனுக்கு அந்தப் பதில் எழுதியதே மறந்துபோயிருந்தது, பென்சிலால் எழுதின வரி மட்டும் நினைவிருந்தது.

முதலில் படிக்கக் கொடுத்தால் எழுத்தின் வேகம் போய்விடாதா என்று ஒரு சக பதிவர் கேட்டார். போகத்தான் செய்கிறது. இப்போதும் ஒரு பதிவு மூன்று வாரமாக வரைவில் இருக்கிறது, நான் எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மழை அளக்கப் பாட்டில் வெட்டிக் கொண்டுவந்த கதை. பையன் படித்துவிட்டு 'சூப்பர் மிஸ்' என்று சொல்லிவிட்டான். அவன் அம்மா இன்னும் படிக்கவில்லை. வேலைக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.